ஹட்டனிலிருந்து ஹட்டனுக்கு: இந்திய நெடுஞ்சாலைக்கு ஐந்து நாள் ஒத்திகை

புறப்படுவதற்கு முதல்நாள், ஹட்டன்

கன்னியாகுமரியில் தொடங்கி ஸ்ரீநகர் வரை ஒரே இலக்கத்தில் ஓடுகிறது இந்தியாவின் 44ஆம் தேசிய நெடுஞ்சாலை. நீளம் 3,700 கிலோமீற்றருக்கு மேல். நமது தீவு தெற்கு வடக்காக ஏறத்தாழ 430 கிலோமீற்றர்தான். எட்டு இலங்கையை வரிசையாக அடுக்கினாலும் அந்தப் பாதை மிஞ்சும்.

ஒக்டோபர் முதல் வாரத்தில் தெற்கிலிருந்து புறப்படுவது திட்டம். அப்போது வடக்கில் தென்மேற்குப் பருவமழை விலகிக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டில் வடகிழக்கு மழை வழமையாக 20ஆம் திகதியை ஒட்டித்தான் தொடங்கும். இடையில் கிடைக்கிற இரண்டு கிழமைக்குள் மேலே போய்விட வேண்டும். டிசம்பர் பிற்பகுதிக்குத் தள்ளிப்போட்டால் டெல்லி, பஞ்சாப் பக்கம் காலை பத்து மணி வரைக்கும் பனிமூட்டம் விலகாத நாட்கள் வரும்.

சொந்த பைக்கைக் கொண்டுபோகும் ஆசையை முதலிலேயே விட்டுவிடுங்கள். காங்கேசன்துறை - நாகப்பட்டினம் கப்பல் பயணிகளுக்கானது. சரக்காக அனுப்பினாலும் இந்தியச் சுங்கத்துக்கு ‘கார்னே’ என்ற பிணைப் பத்திரம் வேண்டும். அதை எடுக்கப் பெரிய தொகையை முடக்க வேண்டும். ஆகவே அங்கே வாடகை பைக்தான். அப்படியானால் இங்கே ஒத்திகை எதற்கு? பை, உடுப்பு, ஸ்பானர் சாவிக்கூட்டம், முதுகு, மணிக்கட்டு இவற்றுக்குத்தான். ஒத்திகைக்கு எடுத்திருப்பவை காற்றால் குளிரும் 150 சிசி பைக்குகள். வாடகைக்கும் அதே ரகத்தையே எடுப்பது உத்தேசம். 350 சிசி புல்லட்டின் மீது கண் போகத்தான் செய்யும். பழகாத எடையை ஆறுவழிச் சாலையில் பழகுவது புத்தியல்ல.

மலைநாட்டு இளைஞர்களிடம் ஒரு நினைப்பு உண்டு: “இந்த வளைவுல ஓட்டுறவனுக்கு நேர் ரோடு ஒரு பொருட்டா?” ஐந்து நாள் பாதையை வகுத்ததே இதைச் சோதித்துப் பார்க்கத்தான். ஹட்டன், நுவரெலியா, கண்டி, மஹியங்கனை, பதுளை, வெல்லவாய, ஹப்புத்தளை, மறுபடி ஹட்டன். ஓகஸ்டில் இந்தப் பாதைக்கு ஒரு வசதி இருக்கிறது. மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவத்தின் தூறல், கிழக்கே ஊவாப் பக்கம் வறண்ட காற்று. ஒரே சுற்றில் இரண்டு காலமும் கிடைக்கும்.

இன்றைய வேலை சாமான் நிறுப்பது. 150 சிசி பைக்குகள் பெரும்பாலும் ஆளும் சாமானும் சேர்ந்து 130 முதல் 150 கிலோ வரைதான் தாங்கும். ஓட்டுநர் 70 கிலோ என்றால் மிச்சம் நிறைய இருப்பது போலத் தோன்றும். அதை முழுவதும் நிரப்பினால் முன்சக்கரம் இலேசாகி வளைவில் தடுமாறும். 18 கிலோவுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. சாவி, டியூப், ஒயில் போன்ற கனமானவை இரண்டு பக்கப் பைகளின் அடியில், ஓட்டுநருக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும். பின்பெட்டியில் ரெயின்கோட்டும் ஜாக்கெட்டும் போதும். பெட்டியின் தாங்குசக்தி அதன் மூடியிலேயே ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 3 முதல் 5 கிலோ. அதைப் படிக்காமல் 10 கிலோ ஏற்றுவதால்தான் பின்கேரியரின் வெல்டிங் விட்டுப்போகிறது. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றை மட்டும் நம்பக்கூடாது. கொக்கி கழன்று சங்கிலிக்குள் போனால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். கொக்கியில்லாத பட்டிகள் நான்கு போதும்.

காற்று பின் டயருக்கு 32 பிஎஸ்ஐ, முன் டயருக்கு 25. தனியாக ஓட்டும்போது பின்னுக்கு வைக்கிற 28 சுமைக்குக் காணாது. சங்கிலித் தளர்வு 20 முதல் 30 மில்லிமீற்றர். வெறும் பைக்கில் சரியாக இருக்கிற சங்கிலி சுமை ஏறியதும் இறுகும். ஆகவே சாமான் கட்டி, ஒருவர் ஏறி உட்கார்ந்து, இன்னொருவர் கீழே குந்தி மறுபடி பார்க்க வேண்டும். இறுகிய சங்கிலி முன் ஸ்ப்ராக்கெட்டின் பெயரிங்கைத்தான் முதலில் தின்னும்.

முதலாம் நாள்: ஹட்டன் - தலவாக்கலை - நுவரெலியா - இறம்பொடை - கண்டி

தூரம் ஏறத்தாழ 122 கிலோமீற்றர். சக்கரம் உருண்ட நேரம் 4 மணி 50 நிமிடம். சராசரி மணிக்கு 25 கிலோமீற்றர். வேகம் ஓட்டியதுமில்லை, நின்று வேடிக்கை பார்த்ததுமில்லை. மலைநாட்டில் திட்டம் போடும்போது கிலோமீற்றரைப் பார்க்காமல் மணியைத்தான் எண்ண வேண்டும்.

காலை தலவாக்கலை வரை தூறல். டெவன், சென்கிளேயர் நீர்வீழ்ச்சிகள் இரண்டும் மூட்டத்துக்குள் போய்விட்டன. ரெயின்கோட் சோதனைக்கு ஒன்றரை மணி நேரம் தேவை. அரை மணி நேரத்தில் எந்தக் கோட்டும் ஒழுகாது. முதலில் கசியும் இடம் தொடையிடுக்கு. இருக்கையில் தேங்கும் தண்ணீர் தையல் வழியாக ஏறிவிடும். தையலின் உட்பக்கத்தில் நாடா ஒட்டியிருக்கிறதா என்று கடையிலேயே புரட்டிப் பார்த்து வாங்க வேண்டும். அடுத்தது சப்பாத்து. கோட்டின் கால் சப்பாத்துக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே திணித்தால் தண்ணீர் பிடிக்கும் வாளியாகிவிடும். பக்கப் பைக்கு மேலே போடும் உறையை விட, உள்ளே தடித்த பொலித்தீன் பையில் சாமானைச் சுற்றி வைப்பது நிச்சயம். உறை காற்றில் பறந்துவிடும்.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஏறும்போது காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பகுதி) வண்டி ஒன்று இழுக்க மறுத்தது. நுவரெலியா 1,868 மீற்றர். ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறத்தாழ 3 சதவீத வலு குறையும் என்ற கணக்கில் அங்கே 18 சதவீதம் போய்விடுகிறது. காபரேட்டர் வண்டியில் காற்று மெலிந்தும் பெற்றோல் அதே அளவில் வருவதால் பிளக்கில் கரி பிடிக்கும். பெற்றோலைத் தானாக அளந்து தெளிக்கும் இன்ஜெக்ஷன் வண்டி கலவையைச் சரிசெய்துகொள்ளும், வலுவை மீட்டுத் தராது. கழற்றிப் பார்த்தபோது காபரேட்டர் வண்டியின் பிளக் கறுப்பு, மற்றதில் இளம் மண்ணிறம். காபரேட்டரின் கலவை ஸ்குரூவைத் திருகப் போகாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் கம்பளைக்கு இறங்கியதும் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். ஏர் பில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து, ஒரு கியர் குறைத்து ஏறினால் போதும்.

இன்றைய முக்கிய பாடம் இறக்கம். லபுக்கலை தாண்டியதிலிருந்து இறம்பொடை வரை பிரேக்குக்கு ஓய்வே இல்லை. 2025 மே 11 அன்று கெரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இந்த வீதியில்தான். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது பழைய லொறிச் சாரதிகளின் கணக்கு, பைக்குக்கும் பொருந்தும். மூன்றாம் கியரில் எஞ்சினே பிடித்து வைத்திருக்க, வளைவுக்கு முன்னால் மட்டும் இரண்டு பிரேக்கையும் அழுத்தி விட வேண்டும். பின் மிதியில் காலைத் தொட்டபடியே இறங்குகிற பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. பின் பிரேக்கின் டிரம் சூடேறி, உள்ளே உரசும் பிரேக் ஷூவின் மேற்பரப்பு கண்ணாடி போல வழுக்கலாகிவிடும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. இறம்பொடைச் சுரங்கத்துக்கு அருகே நிறுத்தி டிரம்மின் மேல் இரண்டு துளி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சீறினால் கால் தவறு செய்கிறது. துளிதான், போத்தலைக் கவிழ்க்கக்கூடாது. சூடான டிஸ்க்கில் நீர் ஊற்றினால் அது நெளியும்.

முன் பிரேக்கின் பிடி வழியிலேயே பஞ்சு போல உள்ளே போனால் பிரேக் ஒயில் கொதிக்கிறது என்று பொருள். பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். வாடகை பைக்கில் அந்த டப்பாவின் கண்ணாடி வழியே பாருங்கள். தேநீர் நிறத்தில் இருந்தால் மாற்றித் தரச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள்: கண்டி - ஹுன்னஸ்கிரிய - மஹியங்கனை - பதுளை

ஏறத்தாழ 135 கிலோமீற்றர். ஹுன்னஸ்கிரிய தாண்டி மஹியங்கனைக்கு இறங்கும் பகுதிக்குப் பதினெட்டு வளைவு என்பது பெயர். வீதியை விரித்தபின் எண்ணினால் பதினேழுதான் வருகிறது. கொண்டை ஊசி வளைவில் கண் அடுத்த வளைவின் வெளியேறும் முனையைப் பார்க்க வேண்டும். முன்சக்கரத்துக்கு நேரே பார்த்தால் வண்டி அங்கேயே போகும். மேலே ஏறும் பஸ்ஸுக்கு வழி விடுவது மரியாதைக்காக மட்டுமில்லை. வளைவில் அதன் வால் உங்கள் பாதிக்கு வரும். ஹோர்ன் அடித்துவிட்டு இடப்பக்க மண்ணுக்கு ஒரு முழம் விட்டு நில்லுங்கள்.

அறுநூறு மீற்றருக்கு மேல் உயரம் இழந்து மஹியங்கனைக்கு வந்ததும் டயர் காற்றைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஹட்டனில் 15 பாகையில் 28 பிஎஸ்ஐ அடித்த டயர் சமவெளியில் 32 பாகையில் என்ன காட்டும்? கீழே வெளிக்காற்றின் அழுத்தம் கூடுதல் என்பதால் காற்றை அளக்கும் கணிப்பான் 2 பிஎஸ்ஐ அளவு குறைத்துக் காட்டும். வெப்பத்தால் உள்ளே 2 அல்லது இரண்டரை கூடும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு முள் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கும். ஓடிச் சூடான டயரில் 3, 4 கூடுதலாகக் காட்டினால் காற்றை இறக்கி விடாதீர்கள். காலையில், வண்டி உருளும் முன் அளப்பதுதான் கணக்கு. கராஜ்களில் உள்ள கணிப்பான்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. சட்டைப் பையில் வைக்கும் சிறியது ஒன்றை வாங்கி, கடைசிவரை அதை மட்டுமே நம்புங்கள்.

பதுளையில் தங்கல். இரவில் பத்திர வேலை.

நமது சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏ1 மட்டும் இருந்தால் அது 100 சிசி வரைக்குத்தான். 150 சிசி ஓட்ட ஏ வகுப்பு வேண்டும். சர்வதேச அனுமதிப்பத்திரத்தை இலங்கை மோட்டார் வாகனச் சங்கம் தருகிறது. மோட்டார் சைக்கிளுக்குரிய கட்டத்தில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். காருக்குரிய முத்திரையோடு திரும்பி வந்தால் மறுபடி கொழும்புப் பயணம்தான்.

வாடகை பைக்கின் இலக்கத்தகடு கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தாக இருக்க வேண்டும். வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்து என்றால் அது தனியார் பாவனைக்கான வண்டி. வாடகைக்கு விடுவது சட்டப்படி சரியல்ல, விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைவிரிக்கும். பதிவுப் புத்தகம், காப்புறுதி, புகைச் சான்று மூன்றின் பிரதியும் வண்டியோடு வர வேண்டும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை விலக்கிய வாசகம் இருக்கிறதா என்று சிறிய எழுத்தையும் வாசியுங்கள். மலிவானவற்றில் பெரும்பாலும் இருக்கும்.

இன்னொன்று, நம்மவர்கள் பலர் அங்கே போய்த்தான் அறிவது. வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் ‘சி படிவம்’ என்ற விபரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அனுப்ப வேண்டும். சிறிய லொட்ஜ்களில் அந்தப் பதிவு இருக்காது. பேச்சுத் தமிழைக் கேட்டு அறை தருவதாகச் சொல்லிவிட்டு, கடவுச்சீட்டைக் கண்டதும் கையை விரிப்பார்கள். இரவு எட்டு மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் அந்த நிலைமை வேண்டாம். மாலை நான்கு மணிக்கே, கடவுச்சீட்டைப் பற்றிச் சொல்லித் தொலைபேசியில் உறுதிப்படுத்துங்கள்.

மூன்றாம் நாள்: பதுளை - எல்ல - வெல்லவாய - தணமல்வில நேர்ப்பாதை

ஒத்திகையின் முதுகெலும்பு இந்த நாள்தான்.

எல்ல, இராவணன் நீர்வீழ்ச்சி எல்லாவற்றையும் காலை எட்டரைக்குள் கடந்தாயிற்று. வெல்லவாயவில் வெயில் ஏறிய பிறகு, தணமல்வில வீதியில் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி, மொத்தம் 160 கிலோமீற்றர். வேகம் 65, கூடக் குறைய இல்லாமல். பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்கார வேலை. ஆனால் மலையில் எங்குமே கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது: ஒரே கியர், ஒரே எக்ஸிலேட்டர், ஒரே இருப்பு.

மலையில் உடம்பு சும்மா இருப்பதில்லை. வளைவுக்கு வளைவு இடுப்பு அசையும், கையும் காலும் கிளச்சும் கியருமாக இருக்கும், இரத்தம் ஓடும். நேர்ப்பாதையில் 40ஆவது நிமிடத்தில் இருக்கை எலும்பு வலிக்கத் தொடங்கியது. ஒரு மணி நேரத்தில் வலது மணிக்கட்டு மரத்தது. எக்ஸிலேட்டரைச் சுற்றி உள்ளங்கையால் இறுக்கிப் பிடிப்பதுதான் காரணம். விரல்களைத் தளர்த்தி, கைப்பிடி மட்டத்தைச் சற்றுக் கீழே இறக்கி, மணிக்கட்டும் முழங்கையும் ஒரே கோட்டில் வரச் செய்தால் பாதி போய்விடும். மிச்சப் பாதிக்கு 50 நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடப்பதைத் தவிர வேறு மருந்தில்லை. மெத்தென்ற சீட் கவர் முதல் அரை மணிக்குச் சுகம், பிறகு வெந்நீரில் உட்கார்ந்த மாதிரி. உள்ளே தையல் மடிப்பில்லாத உள்ளாடையும், காற்றுப் போகும் வலைத்துணிக் கவரும் அதைவிட உதவும்.

சாப்பாடு அடுத்தது. மதியம் சோறும் மூன்று கறியும் என்றால் ஒன்றரை மணிக்குக் கண் செருகும். மலையில் வளைவே எழுப்பிவிடும், இங்கே எழுப்ப ஆளில்லை. பகலில் ரொட்டி, பழம், பிளேன்டீ. சோறு இரவுக்கு. கச்சான் காற்று வியர்வையைத் தோலிலேயே உலர்த்திவிடுவதால் தாகம் தெரியாது. மணிக்கு அரை லீற்றர் தண்ணீர், நாளுக்கு ஒரு ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) பொதி கரைத்தது. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் அடுத்த நிறுத்தத்தில் அரை மணி நிழல். வெயிலுக்கு உடுப்பைக் கழற்றாதீர்கள். 35 பாகைக்கு மேல் போனதும் தோலில் படும் காற்று குளிர வைப்பதற்குப் பதிலாகச் சுட ஆரம்பிக்கும். நனைத்த பருத்திச் சட்டையும் மேலே வலைத்துணி ஜாக்கெட்டும் சரி.

வண்டிக்கும் இது வேறு வகை அடி. மலையில் டயரின் ஓரம் தேயும், நேர்ப்பாதையில் நடு தேய்ந்து தட்டையாகும். தட்டையான டயரோடு வளைவில் சாய்த்தால் ஓர் விளிம்பிலிருந்து மற்றதுக்கு ‘தடக்’கென்று விழும். வாடகை பைக்கின் பின் டயரில் நடுக்காடி 3 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் மாற்றாமல் எடுக்கக்கூடாது. மாறாத அதிர்வு போல்ட்டுகளைக் கழற்றும். இன்று பின்கேரியர் போல்ட்டுகளில் ஒன்று அரைச்சுற்றுத் தளர்ந்திருந்தது, இலக்கத்தகட்டின் நட்டு ஒன்றைக் காணவே இல்லை. மரையில் பூசும் நீலப் பசை ஒரு துளி வைத்து இறுக்கினால் நிற்கும். மாலையில் ஒவ்வொரு போல்ட்டாகக் கை வைத்துப் பார்ப்பது பத்து நிமிட வேலை.

ஒயில் மட்டமும் குறையும். காற்றில் குளிரும் எஞ்சின் நாள் முழுவதும் ஒரே வேகத்தில் ஓடும்போது கொஞ்சம் எரிப்பது வழமை. எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து, வண்டியை நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். சைட் ஸ்டாண்டில் பார்த்தால் பொய் சொல்லும்.

பெற்றோல் கணக்கு. மலையில் சுமையோடு லீற்றருக்கு 38, இன்று 46. தாங்கி 12 லீற்றர், அடியில் ஒன்றரையைக் கணக்கில் எடுக்காமல் லீற்றருக்கு 40 என்று வைத்தால் 420 கிலோமீற்றர். ஆனாலும் 250இல் நிரப்ப வேண்டும். எதிர்க்காற்றில் 80இல் ஓடினால் அந்த 40 சுலபமாகச் சரியும். இந்தியாவில் இப்போது பெற்றோலில் 20 சதவீதம் எதனோல் கலக்கிறார்கள், அதிலும் சற்றுக் குறையும். பெற்றோல் நிரப்பும் இடத்தை அங்கே ‘செட்’ என்று கேட்டால் யாருக்கும் விளங்காது, ‘பங்க்’ என்று கேளுங்கள். மீற்றர் பூச்சியத்தில் இருப்பதைப் பார்த்த பிறகே மூடியைத் திறங்கள்.

மாலை ஐந்துக்குள் வெல்லவாயவுக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யானைகள் வீதிக்கு வரும். 44ஆம் நெடுஞ்சாலையில் அதே நேரத்தில் மாடுகளும், பின்விளக்கில்லாத டிராக்டர்களும், எதிர்த்திசையில் ஓரமாக வரும் மோட்டார் சைக்கிள்களும். இருட்டியதும் ஓட்டுவதில்லை என்ற விதிக்கு அங்கேயும் இங்கேயும் விலக்கு வேண்டாம்.

நான்காம் நாள்: வெல்லவாய - கொஸ்லாந்தை - ஹப்புத்தளை - வெலிமடை - நுவரெலியா

நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல், பெரும்பகுதி ஏற்றம். 220 மீற்றர் தியலுமவைத் தாண்டி கொஸ்லாந்தை. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன் வரிசைகளை மூடியது இந்த மலையில்தான். மழைக்காலத்தில் இந்தப் பக்கம் வருவதானால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைக் காலையில் பாருங்கள். சிவப்பு என்றால் அன்றைக்குத் தேநீர் குடித்துக்கொண்டு தங்கியிருங்கள்.

காலையில் 30 பாகை, ஹப்புத்தளையில் மூட்டத்தோடு 16, நுவரெலியாவில் மாலை 13. ஒரு தடித்த ஜாக்கெட்டை விட, பருத்திச் சட்டை, மெல்லிய கம்பளி, அதன்மேல் ரெயின்கோட் என்று மூன்று அடுக்கு மேல். ரெயின்கோட்டே காற்றைத் தடுக்கும். கையுறைக்கு உள்ளே சமையலறையில் போடும் மெல்லிய றப்பர் கையுறை ஒன்று போட்டால் விரல் விறைக்காது. ஹெல்மட் கண்ணாடி உட்பக்கம் வேர்த்தால், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளியைத் தேய்த்து உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். அரை நாள் தாங்கும்.

பண்டாரவளையில் பஞ்சர் ஒத்திகை, வேண்டுமென்றே. பழைய டியூப்லெஸ் டயர் ஒன்றில் ஆணி அடித்து. ஆணியை உடனே பிடுங்கக்கூடாது. பஞ்சர் வேலைக்குத் தேவையான எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பிறகுதான் ஆணி. எந்தச் சாய்வில் அது போயிருக்கிறதோ அதே சாய்வில் அரம் போட்ட ஊசியை நான்கைந்து முறை உள்ளே விட்டு எடுங்கள். றப்பர் திரியை ஊசிக் காதில் நடுவாகக் கோத்து, பசை பூசி, இரண்டு முனையும் ஒரு சென்ரிமீற்றர் வெளியே நிற்கும்வரை அழுத்தி, சட்டென்று நேராக இழுங்கள். திருகி இழுத்தால் திரியும் கூடவே வரும். மிச்சத்தை வெட்டி, காற்றடித்து, எச்சில் தடவிக் குமிழி பாருங்கள். முதல் தடவை 40 நிமிடம், மூன்றாம் தடவை 12.

டியூப் உள்ள வண்டி வேறு கதை. சக்கரத்தைக் கழற்ற வேண்டும், அச்சாணி நட்டுக்குரிய சாவி வண்டியோடு வரும் சாவிக்கூட்டத்தில் பெரும்பாலும் இருக்காது. ஒட்டுவதை விடப் புதிய டியூப் போடுவதே மேல். லீவரால் தூக்கும்போது டியூப்பையும் சேர்த்துக் கிள்ளிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. டியூப்பில் கொஞ்சம் காற்று அடித்து உருண்டையாக்கிவிட்டு உள்ளே விட்டால் கிள்ளாது. பன்னிரண்டு வோல்ட் சிறிய பம்ப் கொண்டுபோவதானால் பற்றரியில் நேரடியாக மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு அடியுங்கள். போன் சார்ஜ் பண்ணும் துளையில் மாட்டினால் பியூஸ் போகும்.

ஐந்தாம் நாள்: நுவரெலியா - ஹட்டன், பிறகு தராசு

இரண்டு மணி நேர ஓட்டம். மிச்ச நாள் முழுவதும் பைகளைக் கொட்டி வைத்து.

ஐந்து நாளும் தொடாத சாமான் ஒரு குவியல்: இரண்டாவது சோடிச் சப்பாத்து, மூன்றாவது ஜீன்ஸ், பெரிய சாவிப் பெட்டி, கேஸ் அடுப்பு. நாலரைக் கிலோ. ஜீன்ஸ் நனைந்தால் இரண்டு நாள் காயாது, அது முதலில் வெளியே. உள்ளே வரவேண்டியவை இலேசானவை: கேபிள் டை இருபது, 10, 15 அம்பியர் பியூஸ் இரண்டிரண்டு, சங்கிலி இணைப்புக் கண்ணி ஒன்று, கிளச் லீவர் ஒன்று, பிளக், இரண்டு பகுதி கலந்து பூசும் எபொக்சி, மெல்லிய கம்பி ஒரு மீற்றர், ஒயில் கால் லீற்றர். ஒயில் நாக்பூரில் மாற்றப்படும். பாதையின் பாதி ஏறத்தாழ அங்கேதான், வண்டியும் 1,700 கிலோமீற்றர் தாண்டியிருக்கும்.

ஓட்டக் கணக்கும் இன்று திருத்தப்பட்டது. பழைய தாளில் நாளுக்கு 500 கிலோமீற்றர் எழுதியிருந்தது. மூன்றாம் நாள் வெயிலுக்குப் பிறகு அது 350. கன்னியாகுமரி - மதுரை ஏறத்தாழ 245, முதல் நாளுக்கு அது போதும். இரண்டாம் நாள் சேலம், மூன்றாம் நாள் பெங்களூரு. நகரத்தைக் காலை ஏழுக்கு முன் கடக்க வேண்டும் என்பதால் அதன் தெற்கு ஓரத்திலேயே இரவு. அடுத்து கர்னூல், ஏறத்தாழ 360. ஹைதராபாத்தில் ஒருநாள் ஓய்வு. ஹைதராபாத் - நாக்பூர் 500, ஒரே நாளில் போகிறவர்கள் உண்டு. நமக்கு ஆதிலாபாத்தில் ஓர் இரவு. மொத்தம் பதின்மூன்று ஓட்ட நாள், மூன்று ஓய்வு நாள், பிசகுக்கு இரண்டு நாள். சுங்கச் சாவடிகளில் இருசக்கர வண்டிக்குக் கட்டணமில்லை. இடது ஓரத்தில் ஒடுக்கமான தனிப்பாதை இருக்கும். மற்றப் பாதையில் புகுந்துவிட்டால் பின்னால் லொறிகள் நிற்க, திரும்ப முடியாது.

ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் வரையான கடைசிப் பகுதியில்தான் மலைக்கால் உதவும். செனானி - நாஷ்ரி சுரங்கம் மட்டும் 9 கிலோமீற்றருக்கு மேல், நமது இறம்பொடைச் சுரங்கம் 225 மீற்றர். உள்ளே போகும்முன் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட வேண்டும். ராம்பன் பக்கம் மண்சரிவால் வீதி மூடுவது வழமை. பிசகுக்கு வைத்த இரண்டு நாளும் அங்கே செலவாகும் என்றே எடுத்துக்கொள்ளலாம். மற்ற மாநிலங்களில் வாங்கிய முற்பணச் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. பத்தான்கோட்டிலிருந்தே வீட்டுக்குப் பேசிவிட வேண்டும்.

திரும்பி வருவது ரயிலில். பைக்கைப் பார்சலாகப் போடலாம். பெற்றோலை முழுவதும் வடித்துவிட்டு, சாக்கால் சுற்றி, பதிவுப் புத்தகப் பிரதியோடு கொடுக்க வேண்டும். வாடகைக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அது நடக்காது. ஒப்பந்தம் போடும்போதே கேட்டு வாங்க வேண்டிய கடிதம் அது.

கிளச் வயர், எக்ஸிலேட்டர் வயர் இரண்டும் இன்னும் வாங்கவில்லை. வாடகை வண்டியின் மொடலும் வருடமும் தெரிந்த பிறகுதான் வாங்க முடியும், ஒரே பெயரில் வரும் வண்டிகளிலேயே நீளம் வித்தியாசப்படும். வாங்கியதும் பழைய வயரோடு சேர்த்துப் புதியதையும் அதே வழியில் செலுத்தி, இரண்டு முனையையும் பொலித்தீனால் மூடிக் கட்டிவிட வேண்டும். அறுந்தால் முனையை மட்டும் மாற்றிப் பூட்டலாம், தாங்கியைக் கழற்ற வேண்டியதில்லை.